சவத்தைக் கடலில் போட்ட கதை

முந்தாநாள் மதியம் மீன்குழம்பு தந்த மயக்கத்தில் சாய்ந்திருந்தபோது போன் அடித்தது. காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற கதைகள் தயாரிக்கும் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு இப்போது துப்பறியும் தொடர் எழுதிக்கொடுக்கிறேன். அங்கே எடிட்டராக இருக்கும் பெண்தான் கூப்பிட்டது. என் மகளைவிடச் சின்னவள், நல்ல பிள்ளை. “சார், மூணாவது எபிசோட்ல ஒரு சின்ன டவுட். கதையில ஒரே கொலைதானே? ஆனா ரெண்டு டெட் பாடி வருதே” என்றாள்.

தூக்கம் போய்விட்டது. எழுதி எழுதிப் பிணங்களின் கணக்கே தப்பிப்போகும் வயது வந்துவிட்டதோ என்று பயந்து தாள்களைப் புரட்டினேன். கொலை ஒன்றுதான். அவள் சொன்ன இரண்டாவது பிணம், தோட்டத்தில் மக்கர் செய்கிற ஒரு தண்ணீர் மோட்டார். தோட்டக்காரர் அதைக் காலால் ஓர் உதை உதைத்து, “இந்தச் சவத்தத் தூக்கி வெளிய போடுல” என்று மகனிடம் சொல்கிறார். நடந்தது அவ்வளவுதான். “அது மோட்டாரும்மா” என்றேன். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “அப்ப ‘சனியன்’னு மாத்திக்கலாமா சார்? எல்லா ஊர்லயும் புரியும்” என்றாள்.

மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நேரம் முதல் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது. டீ போட்டேன், குடிக்காமல் ஆறவிட்டேன். ஒரு சொல்லுக்காக ஒரு கிழவன் இப்படி வீட்டுக்குள்ளேயே நடை பழகுவானா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், அதனால் அவளிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் சீமையில் சவம் என்பது செத்த உடம்பு மட்டுமல்ல. ஓடாத சைக்கிள் சவம். வேகாத பருப்பு சவம். நேரத்துக்கு வராத பஸ் சவம். பரீட்சையில் கோட்டைவிட்ட மகன் சவத்து மூதி. பிரியப்பட்டவனும் சவம்தான். நெடுநாள் கழித்து ஊருக்கு வருகிறவனை, “வால சவமே, எங்கன செத்துப்போயிருந்த” என்றுதான் கட்டிப்பிடிப்பார்கள். சனியன் என்று சொன்னால் அதில் வெறுப்பு இருக்கிறது, தொலைந்து போ என்கிற எண்ணம் இருக்கிறது. சவத்தில் இருப்பது சலிப்பும் உரிமையும். இதை அந்தப் பெண்ணுக்குப் போனில் எப்படி விளக்குவது?

நான் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் வாத்தியார் வீட்டில் பிறந்தவன். அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரும் மிஷன் பள்ளிக்கூடம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை வாயில் எடுத்தால் பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். எனக்கு இன்றைக்கும் நிறையச் சங்கீதங்கள் தெரியும்.

படிப்பு முடிந்ததும் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் கை வழியாகக் கப்பலேறியது பெரும்பாலும் நிலாவாரை இலை. வயிற்றை இளக்கும் மருந்துக்காக வெளிநாட்டுக்குப் போகிற காய்ந்த இலை அது. புழுதியும் பச்சையும் கலந்த அந்த வாடை சட்டையில் ஏறிவிட்டால் எத்தனை துவைத்தாலும் போகாது. இன்றும் நாட்டு மருந்துக் கடையைத் தாண்டும்போது, யாரோ என் பழைய மேஜை டிராயரை இழுத்துத் திறந்த மாதிரி நின்றுவிடுவேன். “ஒலகத்துக்கே வயிறு சுத்தம் பண்ணுத ஆபீசுவே இது. மத்த ஆபீசு மாதிரி நெனச்சிராதீரும்” என்பார் எங்கள் மேனேஜர்.

ஆபீஸ் விட்டு வந்து மாத நாவல்களுக்குத் துப்பறியும் கதை எழுதுவேன். என் துப்பறிவாளர் மே மாதத் தூத்துக்குடி வெயிலில் ஓவர்கோட் போட்டுக்கொண்டு திரிவார், வியர்க்கவே வியர்க்காது. தூத்துக்குடிக்காரன் என்று தெரிந்ததும் பதிப்பாளர் முத்துக் கடத்தல் கதையாகவே கேட்பார். இங்கே முத்துக்குளிப்பு நின்று எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. நான் முத்தைப் பார்த்ததெல்லாம் நகைக்கடைக் கண்ணாடிக்குள்தான். ஆனாலும் என்ன, தாளில்தானே, வாரி வாரிக் கடத்தினேன்.

நான் குடியிருந்தது கடற்கரைப் பக்கம் கஸ்பார் அண்ணாச்சி வீட்டு மாடியில். அவருக்குப் பூர்வீகம் புன்னைக்காயல். சொந்தமாக வள்ளம் வைத்து மீன்பிடிக்கிறவர். வாய் சும்மா இருக்காது. விடிந்து எழுந்தால் தூங்கும்வரை அந்த வீட்டில் அவர் குரல்தான், அதில் பாதி சவம்தான். “ஏளா, அந்தச் சவம் எங்க?” என்று கத்துவார். “எந்தச் சவம்?” என்று குசினியிலிருந்து அவர் மனைவி ரெஜினாக்கா கேட்பார். “அந்தச் சவந்தான்ளா, நேத்து வச்சேன்லா.” அக்கா சரியாக டார்ச் லைட்டைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார். எந்தச் சவம் கத்தரிக்கோல், எந்தச் சவம் மூக்குக்கண்ணாடி என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்பது என் ஓவர்கோட்டுக்காரராலும் துப்புத் துலக்க முடியாத விஷயம்.

அண்ணாச்சிக்கு மச்சான் ஒருவர் உண்டு, ரொசாரியோ, ரெஜினாக்காவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, அக்கா கையால்தான் சாப்பாடு. மாமனும் மச்சானும் சேர்ந்து வள்ளத்துக்கு ஒரு பழைய எஞ்சின் வாங்கினார்கள். அன்று போனது அந்த வீட்டு நிம்மதி. கரையில் உறுமும், நடுக்கடலில் நிற்கும். தொழில் முடிந்ததும் அதைக் கழற்றித் தோளில் தூக்கி வந்து வீட்டு முற்றத்து மூலையில் சாத்தி வைப்பார்கள். போகும்போதும் வரும்போதும் அண்ணாச்சி அதை வைவார். “நீரு பாத்து வாங்குன சவந்தான” என்பார் மச்சான். “நீ அடிச்ச மண்ணெண்ணயிலதாம்ல அது சவமாச்சி” என்பார் இவர்.

ஒரு நாள் காலையில் கரையில் வைத்து இருவருக்கும் கைகலப்பு வரை போய்விட்டது. பார்த்தவர்கள் உண்டு. நான் வரமாட்டேன் என்று மச்சான் முறுக்கிக்கொண்டு போக, அண்ணாச்சி தனியாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அன்று சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்தபோது அவர் குளித்துத் தலைவாரி, சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “தம்பி, சவத்த ஆழத்துல போட்டுட்டு வந்துட்டேன். இனிமே நிம்மதி” என்றார். முற்றத்து மூலை காலியாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஞ்சின் நடுக்கடலில் மறுபடி நின்றிருக்கிறது, மனுஷன் ஆங்காரத்தில் அதைக் கழற்றித் தூக்கிக் கடலில் விட்டுவிட்டு, வேறொரு வள்ளத்தில் கயிறு கட்டி இழுக்கவைத்துக் கரை வந்து சேர்ந்திருக்கிறார். ரெஜினாக்கா தலையில் அடித்துக்கொண்டே அவருக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

மச்சான் சாப்பிட வரவில்லை. கோபம் தணிந்தால் வருவான் என்று விட்டார்கள். மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கையில் போன் வைத்துக்கொண்டு திரிகிற காலமில்லை அது. ரெஜினாக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் தானே போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் தம்பியைக் காணோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். சண்டை ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். ஒளிக்கத் தெரியாதவர், உண்டு என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்காரர் வந்து என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறார்கள். சவத்த ஆழத்துல போட்டுட்டு வந்துட்டேன், இனிமே நிம்மதின்னு சொன்னாரு என்று அதையும் அப்படியே சொல்லியிருக்கிறார். எஞ்சின் சமாச்சாரம்தான் ஊருக்கே தெரியுமே என்ற நினைப்பு அவருக்கு.

ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அக்கா சொன்னதைக் கேட்டு அவரிடம் போய்ச் சொன்னவர் ஏட்டையா. இதே ஜில்லாவில் ஆற்றுப்பாசன ஊர்க்காரர், அடக்கமான மனுஷர். பெரிய அதிகாரி முன்னால் நின்று சவம் கிவம் என்றெல்லாம் பேசலாமா? அது வசவுச் சொல் அல்லவா? அதனால் ஏட்டையா அந்தச் சொல்லைக் குளிப்பாட்டி, நல்ல துணி உடுத்தி, மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்: “பிரேதத்தை ஆழ்கடலில் போட்டுவிட்டதாகவும், இனிமேல் நிம்மதி என்றும் சொன்னாராம் அய்யா.”

அன்று மதியமே கஸ்பார் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் எவ்வளவோ கொலை எழுதியிருக்கிறேன், ஆனால் ஒரு வீட்டுக்குள் கொலை என்ற சொல் நுழைந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அவ்வளவு பேச்சுக் கேட்ட வீட்டில் சத்தமே இல்லை. ரெஜினாக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“தம்பி, நீங்க கொலக் கத எழுதுதவியல்லா. ஒரு மனுசன் செஞ்சிருந்தா மொகத்தப் பாத்தாத் தெரியுமா?” என்றார்.

என் கதைகளில் தெரியும். கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார் என் ஆள். “அண்ணாச்சி எஞ்சினத்தான்க்கா சொன்னாரு. என்கிட்டயும் சொன்னாரே” என்றேன்.

“நானும் எஞ்சின்னுதான் நெனச்சேன். நாந்தான அத அவங்கள்ட்டச் சொன்னேன். ஆனா கூட்டிட்டுப் போக வந்த அந்த ஏட்டையா வாயால பிரேதம்னு கேட்டுட்டேன் தம்பி. வேற யாரோ பேசுன மாதிரி இருந்துச்சு. இத்தன வருசம் கூட இருந்தவரு, அவர நானே சந்தேகப்பட்டுட்டேன்” என்று அழுதார். தம்பி செத்திருந்தால் புருஷன் கொலைகாரர். புருஷன் நிரபராதி என்றால் தம்பி எங்கே? எந்தப் பக்கம் பிரார்த்தனை செய்வது என்று தெரியாமல் அந்த அம்மாள் கையில் ஜெபமாலையைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் உட்காரச் சொன்னார். லாக்கப்பில் போடுகிற ஆளையும் “உள்ள போங்க” என்று சொல்லக்கூடிய மரியாதைக்காரர். நான் சவம் என்ற சொல்லின் பல பொருள்களைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். பருப்பு, பஸ், சைக்கிள் எல்லாவற்றையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அண்ணாச்சியை இழுத்து வந்த வள்ளத்துக்காரர்களும் எஞ்சின் இல்லாததைத்தான் பார்த்தார்கள், போட்டதைப் பார்க்கவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க கதை எழுதறவருன்னு சொன்னாங்க. ஏனுங்க, உங்க கதையில ஒருத்தன் எஞ்சின் மேல கோவம் வந்து அதைக் கடல்ல போட்டுட்டேன்னு சொன்னா, படிக்கறவங்க நம்புவாங்களா?” என்று கேட்டார்.

நம்பமாட்டார்கள். பதிப்பாளரே அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார். மச்சானைக் கொல்ல ஒரு சண்டை போதும், எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்கள். சோறு போடுகிற எஞ்சினைக் கடலில் போட்டவனுக்கோ எத்தனை காரணம் சொன்னாலும் பத்தாது. வாழ்க்கையில் நடக்கிறவற்றில் பாதி இந்த மாதிரி கிறுக்குத்தனம்தான், ஆனால் கதையில் வைத்தால் பொய் என்பார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அப்போதுதான் வாசலில் ஜீப்பைக் கிளப்பப் பார்த்தார்கள். இரண்டு மூன்று தடவை இருமிவிட்டு நின்றது. “இந்தச் சவம் டெய்லி இதே சோலி. சவத்த எல்லாருமாத் தள்ளுங்கல” என்று டிரைவர் கத்துவது நன்றாகவே கேட்டது. நான் துள்ளி எழுந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் டிரைவரைக் கூப்பிட்டார்.

“என்னமோ சொன்னீங்களே, என்ன சொன்னீங்க?”

டிரைவர் விறைப்பாக நின்றார். “ஒண்ணும் சொல்லல அய்யா.”

“பரவால்லீங்க, சொன்னதைச் சொல்லுங்க.”

“வாகனம் கொஞ்சம் கோளாறா இருக்குன்னு சொன்னேன் அய்யா.”

எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஊரே இருபத்துநாலு மணி நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிற சொல், தேவைப்பட்ட நேரத்தில் ஒருத்தர் வாயிலிருந்தும் வரமாட்டேன் என்கிறது. அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்த ரெஜினாக்கா எழுந்தார். “சவம்னுதான் சொன்னாரு அய்யா. நானும் சவம்னுதான் சொன்னேன். பிரேதம்னு எங்க வீட்ல யாருக்கும் சொல்லத் தெரியாது” என்றார்.

இன்ஸ்பெக்டர் ஏட்டையாவைத் திரும்பிப் பார்த்தார். ஏட்டையாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அய்யா முன்னால அந்த வார்த்தையச் சொல்லலாமா? அதான், மரியாதையா…” என்று இழுத்தார். இன்ஸ்பெக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “சரிங்க. ஆனா ஆளு எங்கேங்க?” என்றார். அண்ணாச்சி உள்ளேயே இருந்தார்.

ஏட்டையாவுக்கும் அதன் பிறகு இருப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது. பிழைப்புக்குப் போகிறவர்கள் போகும் கரைகளையெல்லாம் விசாரித்து, தானே பஸ் ஏறிப் போய், கொல்லத்துப் பக்கம் நீண்டகரையில் விசைப்படகில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ரொசாரியோவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்று சண்டை போட்ட சூட்டில் கரையிலிருந்து நேரே பஸ் ஏறியவராம். தம்பியைக் கண்டதும் ரெஜினாக்கா அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டு, அப்படியே கட்டிக்கொண்டு அழுதார். ரொசாரியோ மாமனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, “அந்தச் சவத்தையா கடல்ல போட்டீரு? பழைய இரும்புக்காவது போட்டிருக்கலாம்லா” என்பதுதான். ஸ்டேஷனில் எல்லோரும் சிரித்தார்கள், இன்ஸ்பெக்டரும்கூட. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

நான் இந்தக் கதையை இந்த இடத்தில் முடித்துத்தான் நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். நன்றாக எடுபடும். பிறகு நடந்ததைச் சொன்னால் எடுபடாது, அதனால் சொன்னதில்லை.

உள்ளே இருந்தபோது என்ன நடந்தது என்று அண்ணாச்சி சொல்லவில்லை. அடித்தார்களா என்று கேட்டேன். “விடுங்க தம்பி” என்றார். அன்றிலிருந்து அந்த வாயில் அந்தச் சொல் வரவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் அவர் குசினிப் பக்கம் திரும்பி, “அந்த டார்ச் லைட்ட எடுத்துட்டு வா” என்று சொன்னபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொருளின் பேரைச் சொல்லிக் கேட்கிறார். புது எஞ்சின் வாங்கினார்கள், அதுவும் மக்கர் செய்தது. “எஞ்சின் சரியில்ல” என்றார், செய்தி வாசிக்கிறவரைப் போல. யோசித்து, ஒவ்வொரு சொல்லையும் தடவிப் பார்த்து, இது வெளியே போனால் என்னவாகும் என்று நிதானித்துப் பேசினார். போகப் போக அந்த நிதானமும் அலுத்துப்போய்ப் பேச்சையே குறைத்துக்கொண்டார். கடலுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். மனைவியைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. வேறு எந்த வார்த்தையும் பேசியதில்லை என்பதுதான் குறை.

பிறகு நான் வேலை மாறி, கல்யாணமாகி, ஊர் ஊராகச் சுற்றினேன். அந்தத் தெருவில் இப்போது வீடெல்லாம் மாடி மேல் மாடி. பிள்ளைகள் போன் மக்கர் செய்தால் இங்கிலீஷில் வைகிறார்கள். எங்கள் ஆபீஸ் இருந்த கட்டடத்தில் பிரியாணிக் கடை. நிலாவாரை வாடை துளிகூட இல்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போனவன் அந்த வீட்டுக்கும் போனேன். அண்ணாச்சிக்குக் கடலுக்குப் போகிற தெம்பு இல்லை. முன்னறையில் தரையில் உட்கார்ந்து, ஓடாத டேபிள் பேன் ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “வாங்க” என்றார். சந்தோஷம்தான், ஆனால் அவ்வளவுதான். ரெஜினாக்கா காப்பி போடுகிற சாக்கில் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, ஒங்களுக்குத் தெரியாதது இல்ல. கல்யாணம் முடிஞ்ச அன்னையிலருந்து என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல இவரு. ஏளா, சவமேன்னுதான் கூப்பிடுவாரு. இப்ப ரெஜினான்னு கூப்பிடுதாரு. பக்கத்து வீட்டுப் பொம்பளையக் கூப்பிடுத மாதிரி. ஒரே ஒரு தடவ, போளா சவமேன்னு என்னைய வையச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு” என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பியை ஆற்றினார்.

நான் வந்து அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று புரியவில்லை. பேன் சிறகைச் சுற்றிவிட்டுப் பார்த்தார், நின்றது. மறுபடி சுற்றினார், மறுபடியும் நின்றது. “அந்தச் சவத்தத் தூக்கிப் போடுங்கண்ணாச்சி” என்றேன், கொஞ்சம் உரக்கவே.

அவர் கை அப்படியே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையை ஊன்றி மெல்ல எழுந்தார். தெருப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“அப்படியெல்லாம் பேசாதீங்க தம்பி” என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார்.